வாளையார் சாவடி மூடிய பிறகு நான் வேலை தேடிய அனுபவம்: கணினிப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

வாளையாரில் வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்த காலத்தில் அந்த வழியாகப் போனவர்களுக்கு அந்த லாரி வரிசை நினைவிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் நுழையும் சரக்கு வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும்; பண்டிகைக் காலமென்றால் இரவு முழுவதும் நிற்பதும் உண்டு. அந்த வரிசையை நம்பித்தான் சாலையோரத்து ஏஜென்சி அலுவலகங்கள் பிழைத்தன. அவற்றில் ஒன்றில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். டிரைவர் கொண்டுவரும் பில்லைப் பார்த்து, சரக்கின் பெயர், மதிப்பு, இரு தரப்பு டின் எண் (அன்றைய வணிகவரிப் பதிவு எண்), வண்டி எண் ஆகியவற்றை டிக்ளரேஷனில் நிரப்பி, முத்திரை வாங்கிக் கொடுத்து அனுப்புவது என் வேலை. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. தமிழ் வழியில் படித்தவன், மலையாளம் பேசவும் படிக்கவும் வரும், கோயம்புத்தூர் டிரைவர்களோடும் பாலக்காட்டு அதிகாரிகளோடும் ஒரே மூச்சில் பேச முடியும் என்பதால் அந்த வேலை எனக்கு நன்றாகவே பொருந்தியிருந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது. வரிச் சோதனை நின்றது. அதோடு வரிசையும் மறைந்தது. லாரிக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் எங்களைப் போல அங்கே எழுதிப் பிழைத்தவர்களிடம் இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு தொடங்கி அடுத்த ஒன்றரை ஆண்டு நான் பட்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அப்போது இதை எனக்கு ஒருவர் சொல்லியிருந்தால் கொஞ்சம் பணமும் நிறையத் தூக்கமும் மிஞ்சியிருக்கும்.

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் எட்டிமடை, மதுக்கரை, குனியமுத்தூர் வரையிலும் வேலை கேட்டு அலைந்தேன். எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் தெரியுமா?" என் பழைய அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தது, அதில் படிவத்தைத் திறந்து நிரப்பி அச்செடுக்கத் தெரியும். அதைச் சொன்னால் யாரும் காதில் வாங்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. ஆறு மாதப் பட்டயப் படிப்பு, முடித்ததும் நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று போட்டிருந்தார்கள். கட்டணம் 21,000 ரூபாய். மனைவியின் வளையல்களை அடகு வைத்து மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டினேன், ஏனென்றால் மொத்தமாகக் கட்டினால் 3,000 ரூபாய் தள்ளுபடி என்றார்கள். தள்ளுபடி போகத்தான் அந்த 21,000. முதல் மாதம் கணினியின் வரலாறும் அதன் பாகங்களின் பெயர்களும். அடுத்தது பெயின்ட்டில் படம் வரைவது. பிறகு சி மொழியில் எண்களைக் கூட்டும் நிரல். எக்செல் இரண்டு வாரம் நடந்தது. அதில் எழுத்தின் நிறத்தை மாற்றுவதும் கட்டம் போடுவதும்தான் பெரும்பகுதி. ஒரு கணினிக்கு மூன்று பேர் என்பதால் விசைப்பலகை கைக்கு வருவதே அரிது. நாற்பதை நெருங்கிய ஒருவன் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதே கூச்சமாக இருந்தது. கேள்வி கேட்டால் நேரம் வீணாகுமோ என்று தயங்கினேன். கடைசியில் தங்க நிற ஓரமிட்ட ஒரு சான்றிதழ் கையில் கிடைத்தது. வேலை உத்தரவாதம் என்று சொன்னது, ஒரு கைப்பேசிக் கடையின் நேர்காணலுக்கு எங்கள் எல்லோரையும் ஒன்றாக அனுப்பி வைத்ததோடு முடிந்தது.

பயிற்சி மையத்தில் சேரப் போகிறவர்கள் தயவுசெய்து இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். முதலில், பாடத்திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு தலைப்புக்கும் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். எக்செல் என்று ஒற்றைச் சொல்லில் போட்டிருந்தால் போதாது. பிவட் டேபிள் (நீளமான பட்டியலை வகைவாரியாகக் கூட்டித் தருவது), விலுக்கப் (ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுப்பது), வடிகட்டல், இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவது ஆகியவை உண்டா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஆளுக்கொரு கணினி உண்டா என்பதை வகுப்பு நடக்கும் நேரத்தில் நேரில் போய்ப் பாருங்கள். கடந்த ஆண்டு படித்து முடித்தவர்களில் வேலையில் இருக்கும் இரண்டு மூன்று பேரோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். நல்ல மையம் அதற்குத் தயங்காது. பணத்தை மாதாமாதம்தான் கட்டுவேன் என்று உறுதியாக நில்லுங்கள், தள்ளுபடிக்கு மயங்க வேண்டாம். சான்றிதழ் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசின் தட்டச்சர் பணிக்குப் போக நினைப்பவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அலுவலகத் தானியக்கச் சான்றிதழ்த் தேர்வு உதவும். மத்திய அரசின் நீலிட் நிறுவனம் நடத்தும் சிசிசி என்ற அடிப்படைக் கணினித் தேர்வுக்கும் மதிப்பு உண்டு. தனியார் அலுவலகங்களில் பெரும்பாலும் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கணினி முன் உட்காரவைத்துச் செய்துகாட்டச் சொல்கிறார்கள்.

அதை நான் தெரிந்துகொண்டது கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் டிஸ்பாட்ச் (சரக்கு அனுப்பும்) பிரிவில். நேர்காணலில் என் பழைய வேலையைப் பற்றி அந்த மேலாளர் அக்கறையோடு கேட்டார். சரக்கு விவரங்களில் எனக்கிருந்த பழக்கம் அவருக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு ஒரு கோப்பைத் திறந்து என்னை உட்காரச் சொன்னார். நானூறு வரிக்கு மேல் நீளும் பட்டியல்: தேதி, பில் எண், வாங்கியவர் பெயர், தொகை, பணம் வந்ததா இல்லையா. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மாதவாரியாக எவ்வளவு போயிருக்கிறது, யாரிடம் எவ்வளவு நிலுவை என்று அரை மணி நேரத்தில் எடுத்துத் தரச் சொன்னார். நான் சட்டைப்பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தேன். அதே பெயர் மூன்று விதமான எழுத்துக் கூட்டலில் இருந்தது வேறு குழப்பியது. அரை மணி முடிந்தபோது நான் இரண்டாவது வாடிக்கையாளரைக்கூட முடிக்கவில்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை. "சேட்டா, இது பிவட்டில் ரெண்டு நிமிஷ வேலை" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, என் முன்னாலேயே சுட்டியை நாலு தடவை இழுத்து முழு விடையையும் காட்டினார். ஆறு மாதம் பணம் கட்டிப் படித்த எனக்கு அந்தச் சொல்லே தெரிந்திருக்கவில்லை. கஞ்சிக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது எனக்கு வந்தது கோபம்தான். வளையலை விற்காமல் அடகு வைத்ததற்கு மாதம் தவறாமல் வட்டி வேறு கட்டிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கோபத்திலும் பணமுடையிலும் இருந்தபோதுதான் அடுத்த அடி விழுந்தது. வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கலாம் என்று கைப்பேசிக்கு வந்த ஒரு விளம்பரம். பதிவுக் கட்டணம் 5,900 ரூபாய், அதற்கு ரசீது, பத்திரத்தில் ஒப்பந்தம் எல்லாம் கொடுத்தார்கள். படமாக அனுப்பப்பட்ட மங்கலான பக்கங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். பிழை இரண்டு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நானும் என் மனைவியும் ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்தோம். அனுப்பிய இரண்டாம் நாளே தரச் சோதனையில் தோல்வி என்று பதில் வந்தது. எங்கே பிழை என்று காட்டச் சொன்னால் காட்டவில்லை. ஒப்பந்தத்தை மீறியதற்காக 48,000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும், தவறினால் வழக்கு என்று வக்கீல் பெயர் போட்ட நோட்டீஸ் வந்தது. அதன் பிறகு தினமும் மிரட்டல் அழைப்புகள். என் மனைவி கைப்பேசி ஒலித்தாலே நடுங்க ஆரம்பித்தாள். பாலக்காட்டில் பழக்கமான ஒரு வழக்கறிஞரிடம் அந்தக் காகிதங்களைக் கொண்டுபோய்க் காட்டியபோது, இதே போன்ற நோட்டீஸைத் தான் பலமுறை பார்த்திருப்பதாகச் சொன்னார். ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள் என்றார். அப்படியே செய்தோம். அழைப்புகள் மெல்ல நின்றன. 5,900 ரூபாய் திரும்பவில்லை.

இந்த மோசடி இன்னும் அதே வடிவத்தில் நடக்கிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: வேலை கொடுப்பவர் நமக்குப் பணம் தருவார், நம்மிடம் பணம் வாங்க மாட்டார். பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்புத்தொகை, மென்பொருள் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே விலகிவிடுங்கள். பிழை சதவீதத்தை அவர்களே கணக்கிட்டு அவர்களே தீர்ப்புச் சொல்லும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதார் நகலைக் கேட்டவுடன் அனுப்பிவிடாதீர்கள். ஏமாந்துவிட்டால் இப்போது 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்துப் புகார் செய்யலாம். இணையக் குற்றங்களுக்கான தேசியப் புகார் தளமும் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் புகார் செய்கிறோமோ, பணம் கைமாறுவதற்குள் தடுக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் அது அவர்களுக்குத்தான் வசதி.

எனக்கு வழி தெரிந்தது என் தங்கை மகளால். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழிப் பள்ளியில் அவள் அப்போது பத்தாம் வகுப்பு. கேரளப் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் செய்முறையோடு வரும் பாடம். லினக்ஸில் இலவச மென்பொருள்களைக் கொண்டே கற்பிக்கிறார்கள். "மாமா, உங்க வேலைக்கு வேண்டியது கால்க்தான், எக்செல் மாதிரியே இருக்கும், காசு கிடையாது" என்று சொல்லி அவர்கள் வீட்டுப் பழைய கணினியில் லிப்ரே ஆபீஸைத் திறந்து காட்டினாள். அதோடு அவள் கேட்ட ஒரு கேள்வி என்னை யோசிக்க வைத்தது: "நீங்க எந்த வேலைக்குப் போகப் போறீங்க? அதுக்கு என்ன கேக்கறாங்க?" அதுவரை நான் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று மட்டுமே நினைத்திருந்தேன். மறுநாளிலிருந்து கோயம்புத்தூர், பாலக்காடு நாளிதழ்களில் வரும் அலுவலக வேலை விளம்பரங்களை ஒரு நோட்டில் குறித்தேன். திரும்பத் திரும்ப வந்த சொற்கள் டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஜிஎஸ்டி, எக்செல், இ-வே பில். அந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயமாகியிருந்தது. அதற்கு முன் பிப்ரவரி 1 அன்று தொடங்கப் பார்த்து, தளம் முடங்கித் தள்ளிப்போட்டிருந்தார்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு கிளம்பும் முன்பே, யார் யாருக்கு அனுப்புகிறார், என்ன சரக்கு, என்ன மதிப்பு, எந்த வண்டி என்று இணையதளத்தில் பதிந்து இந்த பில்லை எடுக்க வேண்டும். வாளையாரில் நான் இத்தனை காலம் எழுதிய அதே விவரங்கள்! என் வேலை ஒழிந்துபோகவில்லை. எல்லையிலிருந்து எழுந்து, சரக்கு ஏற்றும் இடத்தில் உள்ள கணினிக்குப் போய்விட்டிருந்தது.

அதன் பிறகு குறி வைத்துப் படித்தேன். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் கால்க் பற்றிய பாடங்கள் தமிழ்க் குரலில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நிமிடம்தான், பார்த்துக்கொண்டே செய்து பழகலாம். டேலியைக் கற்பவர்களுக்கான 'எஜுகேஷனல்' முறையில் கட்டணமில்லாமல் நிறுவிக்கொள்ளலாம். மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும் என்ற கட்டுப்பாடு உண்டு, பழகுவதற்கு அது தாராளமாகப் போதும். பயிற்சிக்கு யாரோ எழுதிய மாதிரிக் கணக்கை எடுக்காமல், எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரரின் மூன்று மாத பில்களை வாங்கி வந்து பதிந்தேன். உண்மையான பில்லில்தான் உண்மையான சிக்கல் இருக்கும்: தேதி இல்லாதது, எழுத்து அழிந்தது, ஒரே ஆள் இரண்டு பெயரில் வருவது. அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு அடுத்த நேர்காணலுக்கு எடுத்துப் போனேன். 2019 தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் 11,000 ரூபாய் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். சான்றிதழ் இருக்கிறதா என்று அந்த முதலாளி கேட்கவே இல்லை.

அந்த வேலையில் எனக்கு மதிப்பு வந்தது தட்டச்சு வேகத்தால் அல்ல என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இ-வே பில்லின் முதல் பகுதியில் போட்ட விவரத்தைப் பிறகு திருத்த முடியாது. தவறு இருந்தால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். வண்டி எண்ணை மட்டும் மாற்றலாம். எழுத்து ஓவுக்குப் பதிலாகச் சுழியம் விழுந்தாலோ, பின்கோடு ஒரு இலக்கம் மாறினாலோ, வழியில் வரித்துறையின் பறக்கும் படை நிறுத்தினால் டிரைவர்தான் வெயிலில் நிற்பார். பாலக்காடு–திருச்சூர் சாலையில் குதிரான் சுரங்கப்பாதை திறக்கும் முன் அந்த மலைச்சாலையில் வண்டிகள் அடைபட்டு நிற்பது வாடிக்கை. அதற்குள் இ-வே பில்லின் கெடு முடிந்துவிடும். கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து, முடிந்து எட்டு மணி நேரம் வரை நீட்டிக்கலாம் என்ற விதி தெரிந்த ஆள் அலுவலகத்தில் இருந்தால், நடு ராத்திரியில் டிரைவர் அழைத்தாலும் வேலை நடக்கும். மரப்பலகைக்கும் பிளைவுட்டுக்கும் சரக்கு வகையைக் காட்டும் ஹெச்எஸ்என் குறியீடு வேறு, இந்த பில்லில் மதிப்பு சந்தேகமாக இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்ல, சாவடியில் பல ஆண்டு பில் பார்த்த கண் வேண்டும். என் பழைய அறிவும் புதிய பழக்கமும் சேர்ந்த இடத்தில்தான் சம்பளம் உயர்ந்தது. நாற்பது, ஐம்பது வயதில் வேலை இழந்தவர்களிடம் நான் இதைத்தான் முதலில் கேட்கிறேன்: உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தொழில் எது, அந்தத் தொழிலின் எந்தக் காகிதம் இப்போது திரைக்குப் போயிருக்கிறது? அதிலிருந்து தொடங்குங்கள். நூற்பாலை ஸ்டோர்ஸில் இருந்தவர் இருப்புக் கணக்கையும், ஏலக்காய் வியாபாரத்தில் இருந்தவர் இணைய ஏலத்தையும், வீட்டுமனைப் பத்திர எழுத்தர் இணையப் பதிவையும் பிடித்தால், இருபது வயதுப் பிள்ளையோடு போட்டி போட வேண்டிய அவசியமே இல்லை.

ஒரே ஒரு திறமையோடு நின்றுவிடவும் கூடாது, ஏனென்றால் பதிவு போடும் வேலையையே மென்பொருள் மெல்ல எடுத்துக்கொள்கிறது. மின்னணு பில் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது; படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கெல்லாம் கட்டாயமானது. அதில் பில் போடும்போதே இ-வே பில்லின் முதல் பகுதி தானாக நிரம்பிவிடும். பதிவு போட மட்டும் தெரிந்தவர்களை அப்போது எங்கள் அலுவலகத்திலேயே குறைத்தார்கள். நான் தப்பியது ஒப்பிடும் வேலையால். நாம் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமானால், விற்றவர் அதைத் தன் கணக்கில் காட்டியிருக்க வேண்டும். அது ஒவ்வொரு மாதமும் 14 ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலில் வரும், பெரும்பாலான நிறுவனங்கள் 20 ஆம் தேதிக்குள் வரி கட்ட வேண்டும். 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியலில் இல்லாததை எடுக்க முடியாது. ஆகவே இந்த ஆறு நாளில் நம் கொள்முதல் பதிவேட்டையும் அந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடுபட்ட பில் எது, எண் மாறிய பில் எது என்று கண்டுபிடித்து, விற்றவரை அழைத்துச் சரிசெய்யச் சொல்லக்கூடிய ஆள் சிறு நிறுவனங்களுக்கெல்லாம் தேவை. அதற்குத் தேவையான கணினி அறிவு விலுக்கப், வடிகட்டல், பிவட் இவ்வளவுதான். இதைப் பழகிய பிறகு இப்போது மாதம் 24,000 ரூபாய் வாங்குகிறேன். அந்த ஆறு நாள் மாலைகளில் கஞ்சிக்கோட்டில் இரண்டு சிறு பட்டறைகளுக்குத் தனியாகச் செய்துகொடுக்கிறேன். விற்றவரிடம் மலையாளத்திலும் தமிழிலும் தன்மையாகப் பேசி வேலை வாங்கும் திறமைக்கு எல்லைப்புறத்தில் தனி விலை உண்டு; அதை விண்ணப்பத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

கணினி வாங்குவதைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் இந்த வேலைகளைப் பழக முடியாது. இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்க்கப் பெரிய திரை வேண்டும். புதியது வாங்கக் கடன் வாங்க வேண்டாம். நிறுவனங்கள் கழித்துக்கட்டிய பழைய மடிக்கணினிகள் கோயம்புத்தூரில் நிறையக் கிடைக்கின்றன. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியையும் விசைப்பலகையின் எல்லா விசைகளையும் கடையிலேயே சோதியுங்கள். எழுத்தில் மூன்று மாத உத்தரவாதமாவது வாங்குங்கள். என்னுடையது 14,000 ரூபாய்க்கு அப்படி வாங்கியது. அடகில் இருந்த வளையல்களை மீட்டது அதற்கு அடுத்த ஆண்டு. வட்டி மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் போயிருந்தது.